நான்காவது எல்லை

1997 வைகாசி. காஞ்சிபுரத்தில் கருட சேவைக்கு மறுநாள். இரவெல்லாம் கூட்டத்தில் நின்ற என் தம்பி மகன், தன் கல்லூரி நண்பரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனான். நண்பர் பாலஸ்தீனர், சென்னையில் பொறியியல் படித்தார். அவருடைய அப்பா ஜோர்டானில் இருந்தார்.

பக்கத்தில், பல்லவர் செப்பேடு கிடைத்த கூரத்துக்கு அழைத்துப் போனேன். வெயிலில் வரப்புகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தன. வழக்கம்போல் செப்பேட்டுக் கதையை ஆரம்பித்தேன். பல்லவர் காலத்தில் ஓர் ஊரைத் தானம் கொடுத்தால், பெண் யானையை முன்னே விட்டு, அக்கம்பக்கத்து ஊராரும் கூட நடந்து, எல்லைகளில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். நான்கு எல்லையைச் சொன்னால் ஊரைச் சொன்ன மாதிரி.

அவர் ஒரு சப்பாத்திக்கள்ளி முன்னால் நின்றுவிட்டார். செப்பேட்டுக் கள்ளி வேறு, இது பிற்பாடு கடல் கடந்து வந்தது என்று திருத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"எங்கள் ஊரில் மிச்சம் இதுதான்" என்றார்.

1948 போரில் அவர் ஊரார் எல்லோரும் விரட்டப்பட்டார்கள். வீடுகளை இடித்து மேலே பைன் மரம் வைத்தார்கள். கள்ளி வேலி மட்டும் வெட்ட வெட்டத் துளிர்த்து, யார் வீடு எங்கே முடிந்தது என்று காட்டிக்கொண்டிருக்கிறதாம். பார்த்து வந்த உறவினர் சொன்னது. இவர் பார்த்ததில்லை. அங்கே வளர்ந்த அப்பாவுக்கோ நினைவு நழுவிக்கொண்டிருந்தது. அவரும் மறந்துவிட்டால் ஊரைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

"நான்கு எல்லையையும் அப்பாவிடம் கேட்டு எழுதிவிடலாமே" என்றேன்.

திரும்பும் பேருந்தில், என் அரைத் தூக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு யானை அவசரமில்லாமல் நடந்து போனது.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஐ.எஸ்.டி. பூத். அவர் அப்பாவிடம் அரபியில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, நான் எழுதினேன். கிழக்கே வாதுமைத் தோப்பு. தெற்கே கழுதைப் பாதை. வடக்கே களத்துமேடு. மேற்கே என்றதும் மறுமுனையில் குரல் உயர்ந்தது.

பூத்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், போன்ல யாரோ கத்திக்கினே இருக்காங்க?"

"எல்லைத் தகராறு."

"அட, தாமல் ஊர்ல எங்க மச்சானுக்கும் இதே ரோதனதான் சார். வரப்புன்னா உசுரே போனாலும் வுடமாட்டானுங்க."

மாணவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண் கலங்கியிருந்தது. மேற்கே ஓர் ஊற்று. அது தங்களுடையது என்று இவர்கள், தங்களுடையது என்று பக்கத்து ஊரார். அந்த ஊரும் அதே ஆண்டில் காலியாகிவிட்டது.

"அவர்கள் இல்லாமல் எப்படிச் சொல்வது, நாளைக்குத் திரும்பிப் போனால் வழக்கு வரும் என்கிறார் அப்பா."

"அந்த ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா, கேளுங்கள்."

கேட்டார். அப்பாவின் பள்ளித் தோழர் ஒருவர், லெபனான் அகதி முகாமில். பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் அப்பாவுக்குத் தடுமாறாமல் வந்தன. அங்கே மாணவரின் அக்கா போனை வாங்கி எண்ணைச் சொன்னாள். மாணவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே தலையை நீட்டினார்.

"இன்னொரு கால்" என்று அவருக்காக நான் சொன்னேன்.

"போடுங்க சார். அவரையாச்சும் மெதுவா கத்தச் சொல்லுங்க."

ரிசீவரில், எங்கோ வெகு தொலைவில் மணி அடிக்கத் தொடங்கியது. நான் 'மேற்கே' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.