அறுவடை நாளில் சுண்டிக்குளத்துப் பூநாரைகள்

எங்கள் அக்கராயன் பக்கத்தில் யானை வேலியை உடைத்துக்கொண்டு வரும், மயில் நெல்லைக் கொத்தும், குரங்கு குசினிக்குள் புகுந்து தேங்காய்ப் பாதியைத் தூக்கிக்கொண்டு போகும். இவற்றை மிருகக்காட்சிசாலையில் டிக்கெட் எடுத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. வயலுக்கு வராத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றுதான் சுண்டிக்குளத்துக்குத் திட்டம் போட்டேன். கிளிநொச்சி நகரிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவுதான்.

ஆனால் பூநாரைகளுக்கும் எங்களுக்கும் நாள் பொருந்துவதே இல்லை. அவை சுண்டிக்குளத்து நீரேரியில் கூடி நிற்கும் மாசி மாதத்தில்தான் மழைக்காலத்தில் விதைத்த காலபோக நெல் விளைந்து, ஊரே நெல் வெட்டும் மெசின் எப்போது வருமென்று காவல் இருக்கும். இந்த மாவட்டத்திலேயே பிறந்து நாற்பத்துநாலு வயதாகிவிட்ட என் கணவர் ஒரு பூநாரையைக் கண்டதில்லை. மெசின் வர ஒரு கிழமையாகும் என்று தெரிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவரையும் எட்டு வயது மகள் துளசியையும் ஓட்டோவில் ஏற்றினேன். காத்திருப்போடு போய்வர 9,000 ரூபாய் பேசினோம்.

பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரத்தில் தேநீர் குடிக்க இறங்கினோம். அவருடைய போன் அடித்தது. மெசின்காரர்.

“அண்ணை, அங்கால வயல் ஈரம், வெட்டேலாது. மெசினை உங்கட பக்கம் கொண்டு வாறன். ஒரு வயலுக்குத்தான் நேரம் இருக்கு. பத்து மணிக்கு நில்லுங்கோ. இண்டைக்கு விட்டா இனி நாலைஞ்சு நாள் செல்லும்.”

வயல்காரர் நிற்காமல் மெசின் இறங்காது. சாக்கு, உழவு இயந்திரம், ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும். வானிலை அறிக்கையோ மழை என்றது. விளைந்த நெல் சாய்ந்தால் போகத்து உழைப்பெல்லாம் சேற்றில்தான்.

“நீர் பிள்ளையோட போம். நான் பஸ்ஸில திரும்பிறன்,” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “வாற வருஷமும் இதே கதைதான் கதைப்பியள். பக்கத்து வயல் செல்வராணி அக்காவும் மெசினுக்குத்தானே காவல் இருக்கிறா? இண்டைக்கு அவாக்கு முறையைக் குடுங்கோவன்.”

துளசி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனை எடுத்தார். “அக்கா, மெசின் வருது. முதல் நீங்க வெட்டுங்கோ.”

அதன்பிறகு வழி முழுவதும் ஆள் மழை மேகத்தைத் தேடி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பிடிவாதம் பிடித்தவள் பயத்தைக் காட்ட முடியுமா?

கல்லாற்றுப் பக்கம் திரும்பியதும் குண்டும் குழியுமான கிரவல் வீதி, முதுகெலும்பைச் சோதிக்கிறது. எட்டரைக்கு நீரேரிக் கரையில் நின்றோம். தூரத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு, நாற்று நட்ட மாதிரி வரிசையாக. சட்டென்று அத்தனையும் எழும்பின. இறகின் அடிப்பக்கம் செக்கச்செவேல், ஓரம் கறுப்பு. துளசி கத்திய கத்தலை விட அவர் சிரித்த சிரிப்புத்தான் பெரிது.

“இவ்வளவு காலமும் இதுகள் இஞ்சதான் நிண்டதுகளோ?” என்றார்.

போனை ஓட்டோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினொரு மணிக்குக் கடற்கரைக்குப் போய், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டோம். அலை முரடு, கால் நனைத்ததோடு சரி.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயிலில் கானல்தான் தெரியும். தருமபுரம் தாண்டினால் கடையை நம்பாமல் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போங்கள். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி வேண்டும். பறக்க வைக்கக் கல் எறியாதீர்கள், அவை தாமாகவே எழும்பும்.

எங்கள் வயலுக்கு மெசின் ஐந்தாம் நாள்தான் வந்தது. இடையில் ஒரு இரவு மழை. தாழ்ந்த மூலையில் நெல் சாய்ந்து, மூன்று மூட்டை போய்விட்டது. அவர் ஏதாவது சொல்லுவார் என்று தேநீர்ப் போத்தலோடு வரம்பில் ஏறினேன். அங்கே அவர் இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்து, செல்வராணி அக்காவுக்குப் பூநாரை காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கண்டதைவிடப் பத்து மடங்கு பறவை அவர் கதையில் பறந்தது.

முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னா:

“தம்பி, வாற மாசிக்கு மெசின் வந்தா முதல் நீங்க வெட்டுங்கோ. நான் பறவை பாக்கப் போறன்.”