இன்னும் பழகிக்கொண்டிருந்த அண்ணர்

“...உடையேல்லை எண்டு சொல்லுறீரோ, இனி உடையும் எண்டு சொல்லுறீரோ? ரெண்டில ஒண்டைச் சொல்லும் தம்பி!”

அண்ணருக்குத் தம் மகளைக் கலியாணம் பேச அக்கராயனிலிருந்து வந்த மாமா இப்படிச் சத்தம் போட்டபோது, அவர் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சம்பந்தம் சரிவரும்வரை அந்த வீட்டில் கை நனைக்காத, ஒரு வாய் தேநீரும் குடிக்காத மனிதர் அவர். தம் வீட்டு வாசல் படலையடியில் அண்ணரின் சைக்கிள் அடிக்கடி நிற்பதைக் கண்டு, மகளுக்காகத்தான் என்று நினைத்துத் தாமாகவே வந்திருந்தார். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்ற அம்மாவின் கண் அந்தக் கோப்பையை விட்டு நகரவில்லை.

அண்ணர் அப்படித்தான். அவர் கண்மூடி முப்பத்தொராம் நாளான இந்த அந்தியேட்டி நாளிலும் அவரோடு சண்டை பிடிக்க எனக்கு நிறைய இருக்கிறது.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஐம்பதுகளில் குடியேற்றக் காணி கிடைத்துக் கிளிநொச்சிப் பக்கம் வந்தோம். காடு வெட்டி முதல் விதைப்பு விதைக்குமுன் ஐயா காய்ச்சலில் கண்மூடினார். மூத்தவரான அண்ணர், உழவு இயந்திரம் திருத்தும் கராச் ஒன்றில், இரும்பை உருக்கிப் பொருத்தும் ஒட்டுவேலை பழகப் போனார். சும்மா நின்று பழகுவதே அன்றைய வழக்கம். ஆனால் அந்த முதலாளி, முல்லைத்தீவு முஸ்லிம் பெரியவர், பழகும்போதே சம்பளம் கொடுத்தார். எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான்.

வந்த வினை என்னவென்றால், பழகி முடிந்தது என்று அண்ணர் ஒத்துக்கொள்ளவே இல்லை. முழுச் சம்பளம் தருகிறேன் என்றால், “தலைக்கு மேல ஒட்டேக்க இன்னும் ஒழுகுது முதலாளி. பழகிற சம்பளம் காணும்” என்பாராம். முதலாளி பொறுக்கமாட்டாமல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பழகிட்டான் எண்டு நான் சொல்லுறன், இல்லையெண்டு இவன் சொல்லுறான். கராச்சில ஆர் முதலாளி எண்டு நீங்களே கேட்டுச் சொல்லுங்கோ அம்மா!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “தலைக்கு மேல ஒட்ட வானத்திலயோடா ஓட்டை?”

வானத்தில் இல்லை, அண்ணரின் சேட்டில்தான். உருகிய இரும்பு சொட்டிச் சொட்டித் தோளெல்லாம் ஓட்டை. தைத்துத் தைத்துத் தேய்ந்தது என் விரல்.

பின்னாளில் சொந்தக் கராச் வைத்தார், எத்தனையோ பேருக்குத் தொழில் பழக்கினார், பழகும்போதே சம்பளமும் கொடுத்தார். ஆனாலும் கடைசி நாட்களில் ஆசுப்பத்திரித் தாதி, “என்ன வேலை ஐயா செய்தனீங்கள்?” என்று கேட்க, “ஒட்டுவேலை பழகினனான்” என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, எங்கள் மச்சாள், “அப்பிடியே எழுதுங்கோ பிள்ளை, இந்த மனுசன் திருந்தாது” என்றார்.

அண்ணரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சாவீட்டில் எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. எல்லாருக்கும் மேலாக, இப்படியொரு மனிதரோடு குடித்தனம் நடத்திய மச்சாளுக்கு. அவரை எங்களுக்குத் தந்த மாமாவுக்கு.

அந்த மாமா அன்று முதலில் கேட்டது, “வேலை பழகி முடிச்சாச்சோ?”

“இல்லை ஐயா, பழகிறன்.”

“அப்ப போன போகம் உழவு மிசின் இழுக்கிற என்ர நெல்லுப் பெட்டியின்ர கொளுக்கியை ஒட்டினது நீர்தானே?”

“ஓம். இன்னும் உடையேல்லை.”

அந்த ‘இன்னும்’ கேட்டுத்தான் மாமா அப்படிச் சத்தம் போட்டார்.

அண்ணர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “சொல்லத் தெரியாது ஐயா. அதுதான் இடைக்கிடை வந்து, பெட்டிக்குக் கீழ படுத்துத் தட்டிப் பாத்திட்டுப் போறனான். வேற ஒண்டுக்கும் வாறேல்லை.”

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாமா அண்ணரைப் பார்த்தார். அவருடைய ஓட்டைச் சேட்டைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்து, பாலாடையோடு ஒரே மடக்கில் குடித்தார்.