ரஃபேல் மண்டோரின் வெள்ளை விழி

“இந்த உடம்புல மருந்துன்னு ஒரு சொட்டு ஏறினது கிடையாது லா” என்று புக்கிட் செலம்பாவில் ஒரு கல்யாண விருந்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ரஃபேல் மண்டோர் அறிவித்தார். எதிர்வரிசை முழுக்கச் சர்க்கரை நோயாளிகள். தலைகுனிந்து சாப்பிட்டார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. விழுங்குவதும் ஊசியில் ஏற்றுவதும்தான் அவருக்கு மருந்து. சட்டைப் பையிலிருந்த கண்சொட்டுப் புட்டி சீப்போடு சேர்ந்த சாமான். செம்பனை மட்டை வெட்டும் இடத்தில் தூசி விழுந்து கண் சிவக்கும். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து நிற்கிற மண்டோரைப் பார்த்தால் தோட்டத்தில் எவனும் தூசியை நினைப்பதில்லை, சம்சுச் சாராயத்தைத்தான் நினைப்பான். எப்போதோ ஒரு கிளினிக்கில் ஒரு வாரத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு அது. ஊற்றினால் விழி சங்காக வெளுத்துவிடும். அதையே டவுன் கடையில் கேட்டு வாங்கி வருஷக்கணக்காக ஊற்றிவந்தார். நாள்பட ஊற்றினால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வலி எதுவும் இல்லாமல் பார்வையின் இடது ஓரம் இருண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், இடப்பக்கம் நின்ற ஏசுதாசன் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மண்டோருக்குத் தலைக்கனம் என்று ஏசுதாசன் ஊரெல்லாம் சொன்னார். மனைவி அகத்தா மட்டும் சந்தேகப்பட்டு, அவரைச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

கிளௌக்கோமா, கண் அழுத்த நோய் என்றார் டாக்டரம்மா. இடது கண்ணில் போன பார்வை திரும்பாது, வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். ரஃபேல் நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்றார்.

அழுத்தம் குறைக்கச் சொட்டு கொடுத்தார்கள். அது கண்ணைச் சிவக்கவைத்தது. மண்டோர் பதவியின் கௌரவம் கருதி, அதன்மேல் தன் சொட்டையும் ஊற்றினார் ரஃபேல். டாக்டரம்மா இறக்க, இவர் ஏற்ற, அழுத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. மருந்தை மாற்றினார்கள், இன்னொன்று சேர்த்தார்கள். கடைசியில் ஆபரேஷன் என்ற பேச்சு வந்தது.

அதற்கு நாள் குறிக்கப் போன அன்று, வெளியே காத்திருக்கையில் ரஃபேல் தலைசீவினார். பிறகு புட்டியை எடுத்து அண்ணாந்தார். சிவந்த கண்ணோடு பெரிய மனுஷர்கள் முன்னால் போவது முறையில்லை.

அகத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவங்க ஊத்தச் சொல்றது மருந்துன்னா, இது என்ன, பன்னீரா?”

ரஃபேல் அண்ணாந்த தலையை இறக்கினார். ஊற்றாமலே புட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டார்.

உள்ளே டாக்டரம்மா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்த மண்டோர், மூடிக்கொண்டார். சட்டைப் பையில் சீப்பை ஒதுக்கிவிட்டுப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“வருஷக்கணக்கா ஊத்துறேன், டாக்டர்.”