பெயர் போட்ட ஸ்லாப்

இரண்டு மாதம் முன்பு என் மாமியாரை மிதித்தேன்.

பதறாதீர்கள். அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. நான் மிதித்தது அவருடைய பெயரை. செருப்புக் காலோடு, விடிந்தும் விடியாத நேரத்தில், நடுத்தெருவில் வைத்து. இருபத்திரண்டு வருடம் அவரோடு ஒரே சமையலறையில் குப்பை கொட்டியபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். மனதுக்குள் பேசியதைச் சேர்க்கக் கூடாது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்? தெருவுக்கு நல்லது செய்யப் போய்த்தான்.

நாங்கள் இருப்பது சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில், கோயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தெரு. சின்னத் தெருதான். ஆனால் கம்பெனி வேன்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் அது குறுக்கு வழி. இரண்டு வருடம் முன்பு ஒரு கான்ட்ராக்டர் வந்து, தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கால்வாய் வெட்டினார். இரண்டரை அடி அகலம், இடுப்பளவு ஆழம். மூடி போடுவதற்குள் அவருக்கு வேறு ஊரில் வேறு கால்வாய் வந்துவிட்டது. போய்விட்டார். அவரவர் வாசலுக்கு எதிரே மட்டும் அவரவர் செலவில் ஒரு பாலம் போட்டுக்கொண்டோம். பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே ஆவென்று திறந்து கிடந்தது.

நமக்கென்ன, நம் வாசலில் பாலம் இருக்கிறதே... என்று பன்னிரண்டு வீட்டிலும் இருந்தோம். கடைசி வீட்டு ஸ்டெல்லா விழும்வரை.

ஸ்டெல்லாவுக்கு மறைமலைநகரில் ஒரு கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் முதல் ஷிஃப்ட். காலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ். அன்றைக்கு வேகமாக வந்த ஒரு வேனுக்கு ஒதுங்கியவளின் ஒரு கால், தொடைவரை கால்வாய்க்குள் போய்விட்டது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டானது. அதற்கு முன் ஒன்று தங்கவில்லை. ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. என் வாசலைத் தாண்டித்தானே அவள் தினமும் நடக்கிறாள்? திறந்து கிடந்ததை நானும்தானே தினமும் பார்த்தேன்?

உடனே தெருவுக்கு ஒற்றுமை வந்தது. ஒற்றுமை என்றால் வாட்ஸ்அப் குழு.

தலைவர் சம்பத் சார். ரிட்டயர்டு சர்வேயர். டேப் பிடித்து அளந்து, வீட்டுக்கு நாலு சிமென்ட் ஸ்லாப், மொத்தம் நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டார். நடப்பதற்கும் பாதை ஆயிற்று, கால்வாய்க்கும் மூடி ஆயிற்று. எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் ரோஜாப்பூ போட்டார். ஆறு வாரம் இப்படியே போனது. ஸ்லாப் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் என் வாய் சும்மா இல்லாமல் ஒன்று சொன்னது. "உபயம்னு பேர் போட்டுக்கலாமே சார்."

கோயில் ஊர்க்காரர்களிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. எங்கள் ஊரில் ட்யூப்லைட் கொடுத்தால்கூட அதன்மேல் உபயம் என்று எழுதி, அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் போட்டு, மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். நான் சொன்ன இரண்டாம் நாள் பன்னிரண்டு வீடும் ஆர்டர் கொடுத்துவிட்டன. செங்கல்பட்டு போகிற வழியில் ஸ்லாப் வார்ப்பவர், ஈர சிமென்ட்டிலேயே பெயரைப் பதித்து, எழுத்துக்கு மஞ்சள் பெயின்ட்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார். வாசகத்தை எழுத வேண்டியது நான். பத்திரிகையில் எழுதுகிறவள் ஆயிற்றே!

வீட்டுக்கு நாலு ஸ்லாப் என்றால் நாலு பெயர் வேண்டும். சில வீடுகளில் இறந்தவர்கள் போதவில்லை. என் வீட்டுக்காரர் அவருடைய அப்பா, அம்மா, பெரியப்பா என்று மூன்று தேற்றிவிட்டார். நாலாவதற்குத் திருக்கழுக்குன்றத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் சித்தப்பாவுக்கு போன் செய்து, இப்போதே போட்டுவிடலாமா என்று கேட்டார். சித்தப்பா அதற்கப்புறம் எங்கள் போனை எடுப்பதில்லை.

ஸ்டெல்லா மட்டும் யோசிக்கவே இல்லை. நாலு ஸ்லாப்பிலும் ஒரே பெயர். அவளுடைய அப்பா, தேவசகாயம். எங்கள் தெரு இருக்கும் இடம் முன்பு வயல். இன்னொருவருடைய வயல். அதில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். வேறு பெயரும் போடலாமே என்று சம்பத் சார் கேட்டதற்கு, நாலும் அப்பாதான் சார் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டு ஸ்லாப்பும் வந்து இறங்கின. கால்வாய் கண்ணை மூடியது. வாழைமரம் கட்டினோம். கற்பூரம் காட்டினோம். முதல் ஸ்லாப்பில் தேங்காய் உடைத்தார்கள். ஸ்டெல்லாவின் கணவன் பிரபு கேக் வாங்கி வந்தான். எல்லாரும் அவரவர் பெயரோடு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் சம்பத் சார், யாராவது முதலில் நடந்து தொடங்கி வையுங்கள் என்றார்.

யாரும் நடக்கவில்லை.

எப்படி நடப்பது? முதல் ஸ்லாப்பில் இருப்பது சம்பத் சாரின் அப்பா. பக்கத்தில் அவருடைய அம்மா. பேப்பரில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாம். பெற்றவர்கள் பெயர்மேல் செருப்பை வைப்பதா? சரி, நம் வீட்டுப் பெயரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பெயரில் நடக்கலாம் என்றால், அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தாண்டிப் போகலாமா? தாண்டுவது அதைவிட மோசம். எல்லாரும் கைகட்டி ரோட்டில் நின்றோம். வாட்ஸ்அப்பில் இது எவருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தெட்டு வாசகத்தையும் எழுதிய எனக்கும் தோன்றவில்லை!

மறுநாள் முதல் பழையபடி ரோட்டில்தான் நடந்தோம். ஸ்லாப்புகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. சில வீட்டில் கோலம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் அம்மா பெயருக்கு ஒரு முழம் மல்லி வைத்தார். நான் எழுதியதற்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன்பும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது.

இப்படி இருந்தால் எப்படி என்று மறுபடி கூடினோம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் தப்பில்லை என்று முடிவாயிற்று. இந்த யோசனை யாருடையது என்று நான் சொல்லமாட்டேன், என் வீட்டில்தான் இருக்கிறார். மறுநாள் காலையில் பார்க்க வேண்டுமே... ஆபீஸ் போகிறவர்கள் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கால்வாய்மேல் வருகிறார்கள். முனையில் உட்கார்ந்து சாக்ஸ் போடுகிறார்கள். பார்க்கிறவன் இங்கே ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பான். அதையும் ஒரு வாரம் செய்தோம்.

ஸ்டெல்லாவால் மட்டும் முடியவில்லை.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் கொடுத்திருந்தார்கள். ஆனால் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இரும்பு வைத்த கனமான ஷூ, கணுக்கால்வரை லேஸ். குனிய முடியாத வயிறு. காலையில் பிரபுதான் கட்டிவிடுவான். கட்டினால் கட்டினதுதான், சாயங்காலம் அவன்தான் அவிழ்க்க வேண்டும். ஆகவே தெருவே கால்வாய்மேல் வெறுங்காலோடு பத்திரமாகப் போக, யாருக்காக அதை மூடினோமோ அவள் மட்டும் ரோட்டில் போனாள்.

ஒருவருக்கும் இது உறைக்கவில்லையா? உறைத்தது. எல்லாருக்கும் உறைத்தது. நீ பரவாயில்லை, ஷூவோடு நடம்மா என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வந்துகொண்டிருந்தாள். எதிரே தண்ணீர் லாரி. அவள் ஸ்லாப் ஓரமாக ஒட்டி நின்றாள். ஏறவில்லை, அது எங்கள் வீட்டு ஸ்லாப். லாரியின் பின்பக்கக் கொக்கி அவள் பையின் வாரில் மாட்டிக்கொண்டு இழுத்தது. இரண்டு எட்டு, மூன்று எட்டு... வார் அறுந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் திறந்து சோறு சிதறியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த லாரி எங்கள் வீட்டுக்குத்தான் தண்ணீர் கொண்டு வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி டாக்டர், மறுபடி ஒன்றுமில்லை. இரண்டு தடவை ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் மூன்றாவது தடவையும் அதையே சொல்வாரா? வீட்டுக்கு வந்து அழுதேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டம். ஸ்லாப்பையெல்லாம் திருப்பிப் போட்டுவிடலாம், பெயர் கீழே போய்விடும் என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "எங்கம்மா பேரைச் சாக்கடைப் பக்கம் பார்க்கப் போடறதா? கொசுவலை இல்லாம ஒருநாள் தூங்கினவளா அவ?" எழுத்தின்மேல் சிமென்ட் பூசலாம் என்றதற்கு, அழிப்பதற்கா பெயர் போட்டோம் என்று நாலு பேர் எழுந்தார்கள். ரோட்டோரமாகக் கயிறு கட்டலாம் என்று ஒரு யோசனை. இரண்டு மணி நேரம் பேசி, சனிக்கிழமை மறுபடி பேசலாம் என்று ஏகமனதாக முடிவு செய்தோம்.

சனிக்கிழமைக்கு நடுவே வியாழன், வெள்ளி என்று இரண்டு நாள் இருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு இரண்டு நாளும் ஷிஃப்ட். லீவு போட்டுக்கொண்டே போனால் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் வீட்டு வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை ஐந்தரைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் மாமனார். அப்புறம் மாமியார். அவர்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதிகம் இல்லை. என் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். நுரையோடு என்னதான் சொல்ல முடியும்? அப்படியே தெருமுனைவரை போய், அங்கிருந்து திரும்பிக் கடைசி வீட்டுப் பக்கம் நடந்தேன். அடுத்த வீட்டு அப்பா, அதற்கடுத்த வீட்டுப் பாட்டனார், அத்தை, மாமா... ஒருவரையும் விடவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சம்பத் சார் ஹோஸைப் பிடித்தபடி பார்த்தார். நான் அவருடைய அப்பாமேல் நின்று குட்மார்னிங் சொன்னேன்.

கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். தேவசகாயம், தேவசகாயம், தேவசகாயம், தேவசகாயம். அந்தப் பெயரை மிதிக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். கையில் புதுப் பை.

"இன்னா ஆன்ட்டி, இந்நேரத்துக்கு இங்க நின்னுகினு கீறீங்க?"

"நீ இன்னிலேர்ந்து இது மேலதான் வரே. நான் எல்லாரையும் மிதிச்சாச்சு. உங்கப்பாவை மட்டும் நீதான் மிதிக்கணும்."

அவள் கீழே பார்த்தாள்.

"எந்த உபயத்துலயும் எங்கப்பா பேர எயுதினது கெடையாது ஆன்ட்டி. கல்லறையில கூட மரச் சிலுவதான். மழையில பேரு பூட்ச்சி. இங்கதான் கீது."

உன் அப்பா தப்பாக நினைக்கமாட்டார் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதை நான் எப்படிச் சொல்வது? அவரை எனக்குத் தெரியாதே. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

ஸ்டெல்லாவே பேசினாள்.

"கழனிலேர்ந்து வந்தாருன்னா தரையில குப்புறப் படுத்துக்குவாரு. ஏறி மிதி பாப்பான்னுவாரு. நான் செவுத்தப் புடிச்சிக்கினு முதுகு மேல நடப்பேன். நல்லா அழுத்தி மிதின்னுவாரு, இன்னும் நல்லான்னுவாரு. அப்பிடியே தூங்கிடுவாரு."

சொல்லிக்கொண்டே ஒரு கையால் காம்பவுண்ட் சுவரைப் பிடித்தாள். சேஃப்டி ஷூ முதல் தேவசகாயத்தின்மேல் இறங்கியது. அப்புறம் இரண்டாவது. மூன்றாவதில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலாவதைக் கடந்ததும் என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மெதுவாகத் தெருமுனைவரை போனோம். பஸ் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது சம்பத் சார் பால் வாங்கச் செருப்போடு ஸ்லாப்மேல் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றார். என் வீட்டுக்காரர் செருப்போடு நடக்க நாலு நாள் ஆயிற்று. சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு முந்தாநாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. இந்த முறை டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

மஞ்சள் எழுத்து இப்போதே தேய ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் இன்று எல்லாரும் பெற்றவர்கள் மேல்தான் நடக்கிறோம். பெயர் போடுவதற்கு முன்பு மட்டும் வேறு யார்மேல் நடந்தோமாம்?