சாம்பல் நிறப் பெட்டி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் வேலை பார்த்தேன். பழைய பத்திரிகைச் செய்திகளைக் கணினியில் ஏற்றி, இணையத்தில் சந்தாதாரர்களுக்குக் காட்டும் சின்ன நிறுவனம். செய்திகள் மலையாகக் குவிந்ததும், தலைப்புகளைப் பக்கம் பக்கமாக உருட்டிப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. திரை முழுவதையும் வண்ணப் பெட்டிகளாகப் பிரிக்கும் யோசனை என்னுடையது. செய்தி அதிகமுள்ள விஷயத்துக்குப் பெரிய பெட்டி, குறைந்ததற்குச் சின்னது. பெட்டியைச் சொடுக்கினால் உள்ளே ஊர் ஊராகப் பெட்டிகள். ஒரே பார்வையில் நாடே தெரியும் என்று பீற்றிக்கொண்டேன்.

ஐந்து செய்திகூடத் தேறாத விஷயங்கள் பொட்டுப் பொட்டாக விழுந்து படத்தைக் கெடுத்தன. அவற்றையெல்லாம் வாரி மூலையில் ஒரே சாம்பல் நிறப் பெட்டிக்குள் போட்டு, 'மற்றவை' என்று பெயர் வைத்தேன்.

பாஸுக்குப் படம் பிடித்துப்போனது. அந்த மூலை மட்டும் உறுத்தியது.

"அந்த கிரே பெட்டிய அழிச்சிடும்மா. அசிங்கமா இருக்கு லா. டிஸ்க்கும் ஃபுல்லு."

உள்ளிருந்த செய்திகளோடு சேர்த்து அழித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. தட்டச்சு முடிந்த பத்திரிகைகள் ஏற்கெனவே பழைய பேப்பர் லோரியில் போயிருந்தன.

அடுத்த வாரம் அப்பா ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவர் வேலை செய்த செம்பனைத் தோட்டத்தைப் புதுக் கம்பெனி வாங்கி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் வீட்டு மனை தருவதாகப் பழைய நிர்வாகி சொன்னது ஒருமுறை பத்திரிகையில் வந்திருந்தது. அதைக் காட்டினால் மறுக்க முடியாது என்பது அப்பாவின் நம்பிக்கை.

"போட்டோகூட போட்டிருந்தாங்கம்மா. நான் பின்னால நிக்கிறேன்."

சொடுக்கினேன். சிலாங்கூர் மாநிலம். கோல லங்காட் மாவட்டம். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகள் பெரிய நீலப் பெட்டியாக நின்றன. எங்கள் தோட்டம் இல்லை. எங்கே போயிற்று என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மூலை மூலையாகப் பார்த்தார்.

"அப்படி ஒரு செய்தியே வரலப்பா. வந்திருந்தா இதுல இருக்கும்," என்றேன்.

வாய் புழுத்துப் போகவேண்டிய பொய். அழித்தவள் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அப்ப நாந்தான் தப்பா நெனச்சிட்டேன் போல," என்று அப்பா எழுந்துகொண்டார்.

கம்பெனியோடு லயத்து ஆட்கள் பேச்சுவார்த்தை நடத்திய நாளில் நானும் போயிருந்தேன். மனை தருவதாகப் பேப்பரில் வந்தது என்று லயத்து ஆட்கள் சத்தம் போட்டார்கள். எங்கே அந்தப் பேப்பர் என்று கேட்டார் கம்பெனி ஆள். அப்பா எழுந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அப்படி ஒண்ணும் வரலங்க. என் மக கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாத்துட்டா."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், பெருமையாக.

மனை யாருக்கும் கிடைக்கவில்லை. லயத்து ஆட்கள் அதன் பிறகு அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. ஏன் பேசவில்லை என்று அவர் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார், சாகும்வரை.