இருதயத்தில் வெள்ளைக் கொப்புளம்

வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எனக்கென்று மிஞ்சியது கொஞ்சம் ஆடுகளும் ஒரு நாயும்தான். காட்டுமன்னார்கோயிலுக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டி வீடு. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. சிதம்பரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் என் தம்பி சனிக்கிழமை சாயங்காலம் ஆடு பிடிக்க வருவான். வாரத்தில் மனுசரிடம் என் வாய் திறப்பது அப்போதுதான். அதுவும் ஆட்டுப் பேச்சுதான்.

அறுத்துப் பார்த்தால் என் ஆடுகளின் இருதயத்தில் ஜவ்வரிசி போல வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தன. வாங்க வருபவர்கள் முகம் சுளிப்பதால் தம்பி இருதயத்தை மட்டும் ஒதுக்கிவிடுவான். தூக்கிப் போட மனசு வராமல் பையில் கட்டி எடுத்து வருவான். "நாய்க்குப் போடுக்கா, நல்ல சத்து" என்பான். அக்காவுக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை, நாய்க்காவது கொண்டு வருகிறானே என்று நானும் வாங்கிப் போட்டேன்.

கொப்புளம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. கால்நடை டாக்டரிடம் ஒரு இருதயத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கீறிப் பார்த்தார்.

"நாடாப்புழுவோட குஞ்சும்மா இது. பச்சையா தின்னா நாய் வயித்துல புழுவா வளரும். நாய் வெளிக்குப் போற எடத்துல முட்டை கெடக்கும். அந்தப் புல்ல மேயுற ஆட்டுக்கு மறுபடி இருதயத்துல கொப்புளம். மனுசங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு மாத்திரை குடுங்க, பச்சைக் கறிய நிறுத்துங்க."

நல்ல சத்துதான்! வாரா வாரம் வியாதியைப் பொட்டலம் கட்டித் தந்திருக்கிறான்.

விஷயத்தைப் போனில் சொன்னதும் மறுநாளே சாக்கோடு வந்து நின்றான்.

"மாத்திரையெல்லாம் சரிப்படாதுக்கா. நாய கொண்டுபோயி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆடு பூரா நீயே ஓட்டிட்டுப் போ. நாய் மேல கைய வைக்காத."

"இன்னாக்கா இது? ஆட்டுக் காவலுக்குத்தான நாயே வச்சிருக்க?"

"இல்லடா. பேசறதுக்கு."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் நாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சாக்கை மடித்து வண்டியில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தான்.

"சாப்ட்டியாக்கா?" என்றான்.

அவர் போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.