மெஷினுக்கு வந்த தும்மல்

குழந்தைகளுக்கு நவீன ஓவியம் காட்டுகிற வேலையில் கஷ்டமே, அவர்களுக்குப் புரியாமல் போவது அல்ல. நமக்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடுவதுதான். வீட்டில் ஆறேழு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தேடி முழிக்கிறவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

நான் வாத்தியார் இல்லை. திருச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் பிரஸ்ஸில் ராத்திரி ஷிஃப்ட் மெஷின் ஆபரேட்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருஷமாக முகங்களாக அடித்துத் தள்ளியிருக்கிறேன். ஒரு கட்டத்தில், முகமே இல்லாத படம் ஏதாவது உலகத்தில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். நிறைய இருந்தது. ஃபோனிலும் லைப்ரரிப் புத்தகத்திலும் நானாகப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை; சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் கமலா டீச்சர் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் நடக்கிற ஹால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா கிடந்தது. பிள்ளைகளுக்குப் படம் காட்ட அதைக் கேட்டேன். டீச்சர் முப்பது வருஷம் கணக்கு எடுத்து ரிட்டையர் ஆனவர். ஆறு ஞாயிறு, இரண்டிரண்டு மணி நேரம் தருவதாகச் சொன்னார். ஆறாவது ஞாயிறு பெற்றோர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் எதிரில்தான் மேற்கொண்டு நடக்குமா நடக்காதா என்று சொல்வார். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குப் பகல் என்பது தூங்கிக் கழிப்பது. எனக்கென்று ஒரு பகல் கிடைத்தால் அது அந்த இரண்டு மணி நேரமாகத்தான் இருக்கும். அதனால் தலையாட்டினேன்.

இடம் விட்டிருக்கா?

ரோல் முடிவில் மிஞ்சுகிற துண்டுகளில் பெரிய ஓவியர்களின் படங்களை அடித்துக்கொள்வேன். முதலாளி கண்டுகொள்ள மாட்டார். முதல் தடவை அடித்தபோது எங்கள் டிசைனர் சேகர் பக்கத்தில் வந்து நின்றான். சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள், நடுவில் கறுப்புக் கோடு, மிச்சமெல்லாம் வெள்ளை. ஹாலந்து நாட்டுக்காரர் ஒருவர் ஆயுசு முழுக்க இதையே வரைந்தார் என்றேன். சேகர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவன் தொழில் அப்படி. வெள்ளையாக ஒரு கட்டம் இருந்தால் அதில் யாராவது ஒருவர் கைகூப்பி நிற்க வேண்டும்.

"லேஅவுட் நல்லாத்தாண்ணே இருக்கு. போட்டோ இன்னும் வரலையா?"

தரை

வெளிநாட்டுப் பெயர்கள் குழந்தைகள் வாயில் நிற்கவில்லை. அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். ஹாலந்துக்காரர் கட்டம் மாமா. வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளியைத் திரும்பத் திரும்ப வரைந்த நம் நாட்டு ஓவியர் பொட்டுத் தாத்தா. துணியைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி நடந்து பெயிண்ட்டைச் சொட்டவிட்ட அமெரிக்கக்காரர் தெளிக்கிற மாமா.

தெளிக்கிற மாமாவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. குச்சியிலிருந்து பெயிண்ட் ஒழுகுவது, அவர் ஏறக்குறைய ஆடுவதுபோல நகர்வது என்று நடித்தே காட்டினேன். ஒன்பது குழந்தைகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். திருவானைக்காவலிலிருந்து வருகிற அஷ்வின் மட்டும் கையைத் தூக்கினான். ஏழு வயசு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரமாக யோசித்திருக்கிறான்.

"அப்புறம் தரையை யார் தொடச்சாங்க அங்கிள்?"

வெள்ளை

மூன்றாவது வாரம், வெள்ளைத் துணியில் கொஞ்சம் சாய்வாக ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருக்கிற ரஷ்ய ஓவியத்தை மாட்டினேன். இதற்காகவே மூன்று நாள் தயார் பண்ணியிருந்தேன். மௌனம், வெறுமை, எல்லையில்லாமை என்று பெரிய வார்த்தைகளாகக் கைவசம் இருந்தன. முதலில் நீங்கள் சொல்லுங்கள், என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

ரங்கா எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றான். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன், எட்டு வயசு. ஸ்ரீரங்கத்தில் மற்ற கோபுரமெல்லாம் வர்ணம் அடித்து நிற்கும்போது கிழக்கே ஒன்று மட்டும் வெள்ளையாக நிற்கும், தெரியும்தானே? அதைத் தினமும் பார்த்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறவன். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது போலிருந்தது.

"வெள்ளைக் கோபுரத்துக்கு ரொம்பக் கிட்டக்க நின்னா இப்படித்தான் தெரியும். நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்கோ மாமா."

பெரிய வார்த்தைகளை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கறுப்பு

ரிஃபானா பாலக்கரையிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வரும். அதிகம் பேசாது. என்ன வரையச் சொன்னாலும் தாள் முழுக்கக் கறுப்பு கிரேயானைத் தேய்க்கும். ஓரம் விடாமல், அழுத்தி, பளபளப்பு வருகிறவரை. நாலாவது வாரம் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அத்தா துபாயில் இருக்கிறார், பிள்ளை மனசில் ஏதாவது கஷ்டம் இருக்குமோ, டாக்டரிடம் காட்டணுமோ என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிறவனிடம் கறுப்பைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன நல்ல வார்த்தை சொல்லிவிடுவான்?

ரிஃபானா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இது என்ன என்று கேட்கக்கூடாது என்பது நானே போட்ட சட்டம். அதை மீறிக் கேட்டுவிட்டேன். அது கிரேயானை நிறுத்தாமலே சொன்னது.

"அத்தா பேசிட்டு வெச்சதும் ஃபோன் இப்படித்தான் ஆகும் சார். அப்ப உத்துப் பார்த்தா என் மூஞ்சி தெரியும்."

ஓட்டு

ஐந்தாவது ஞாயிறு. அடுத்த வாரம் பெற்றோர் வருகிறார்கள். ஹாலின் நடுச்சுவரில் எந்த ஓவியத்தை மாட்டுவது என்று குழந்தைகளே ஓட்டுப் போடட்டும் என்று முடிவு செய்தேன். படங்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வரும்போது, சுருளுக்குள்ளிருந்து நான் வைக்காத ஒன்று விழுந்தது.

அது ஓவியமே இல்லை. எங்கள் மெஷினில் மை பீய்ச்சுகிற துளைகள் ஏராளம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் எல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுப்போம். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு கலரில், படிக்கட்டு மாதிரி மெல்லிய கோடுகள். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கே அடைப்பு. பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவது வழக்கம். அது எப்படியோ உள்ளே சுருண்டு வந்திருக்கிறது.

ஒன்பதில் ஏழு ஓட்டு அதற்கு.

வரைந்தது யார் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓவியத்தில் தப்பான பதில் என்று ஒன்று கிடையாது என்று அஞ்சு வாரமாகச் சொன்னவன், இப்போது ஏழு பேரைப் பார்த்து நீங்கள் தப்பு என்று எப்படிச் சொல்வது? பெயர் தெரியாதவர் என்று சொல்லிவிட்டேன். ரிஃபானா அதையே ஒரு சீட்டில் எழுதிக் கீழே ஒட்டியது. அஷ்வின் கோடுகள் விட்டுப்போன இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான்.

"இங்கதான் அவருக்குத் தும்மல் வந்திருக்கு அங்கிள்."

ஆறாவது ஞாயிறு

அந்த வாரம் பகலில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பெற்றோர்கள் வந்தார்கள். பாதிப் பேர் சுவரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் வாட்சைப் பார்த்தார்கள். அஷ்வினின் அப்பா பொன்மலையில் ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் மட்டும் நடுச்சுவருக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெண்ணின் சடங்குக்குப் பேனர் அடிக்க எங்கள் பிரஸ்ஸுக்கு வந்து, என் மெஷின் பக்கத்திலேயே அரை மணி நேரம் காத்திருந்தவர். இது உங்கள் மெஷினில் முதலில் வருகிற டெஸ்ட் பிரிண்ட்தானே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வாட்சைப் பார்த்தவர்களும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள்.

ஆமாம் என்றேன். தவறி வந்தது, பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள், மறுத்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கமலா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அவரிடம் படித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இனி ஞாயிற்றுக்கிழமையும் தூங்கிக் கழிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அஷ்வின் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்போ மெஷினுக்குத்தான் தும்மலா என்று கேட்டான். அவர் யோசித்துவிட்டு, அடைப்பு இருந்தால் அப்படித்தான் விட்டுப்போகும் என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். டீச்சர் படத்தைக் கழற்றிவிடலாமா என்று பிள்ளைகளைக் கேட்டார். ஆறு வாரமாக எல்லார் எதிரிலும் வாயே திறக்காத ரிஃபானாதான் எழுந்து போய், ஒட்டியிருந்த சீட்டை உரித்தது.

"படம் அப்படியேதானே இருக்கு டீச்சர். பேரை மட்டும் மாத்திடலாம்."

கறுப்பு கிரேயானில் 'மெஷின்' என்று எழுதி ஒட்டியது. கூட்டம் கலைந்த பிறகு சுவரிலிருந்த மற்ற படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் மாடிச் சாவியை என் பக்கம் நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. விடைத்தாள் திருத்துகிற முகம்தான்.

"விடை தப்பு. ஆனா கடைசியில ஸ்டெப்பெல்லாம் போட்டுக் காட்டிட்டீங்க, பாதி மார்க் உண்டு. அடுத்த ஞாயிறும் வந்து திறங்க."

இந்த ஆறு வாரத்தில் ஒன்பது குழந்தைகளும் ஓவியத்தில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் மட்டும் இப்போதெல்லாம் கோடு விட்டுப்போனால் மெஷினைத் திட்டாமல், "நூறாயுசு" என்று சொல்லிவிட்டுத்தான் துடைக்கிறேன்.